யார் கை பட்ட முகம்

அடுத்த வாரம் நிச்சயதார்த்தம் என்றால் புத்தியுள்ள பெண் முகத்தில் கை வைக்க மாட்டாள். புத்தியுள்ள அழகு நிலையக்காரி வைக்கச் சம்மதிக்கவும் மாட்டாள். சலே நகரத்துச் சந்தில், வஹீபாவின் அந்தச் சின்ன அறையில், அன்றைக்கு இரண்டு பேருக்குமே புத்தி இல்லை.

"மேல் உதடு, தாடை, எல்லாத்தையும் இன்னைக்கே எடுத்துடு லல்லா வஹீபா," என்றாள் இக்ராம். "மாமியாக்காரி கன்னத்துல முத்தம் குடுக்க வருவா. குத்துச்சுன்னா என் மானம் போச்சு."

"கொஞ்சம் கொஞ்சமாத்தான் எடுக்கணும்டி."

"அதுக்குள்ள எனக்கு தாடியே வளந்துடும்!"

மயிர்க்காலுக்குள் மெல்லிய ஊசியை இறக்கி, ஒரு நொடி மின்சாரம் பாய்ச்சி, வேரைச் சுட்டு எடுப்பதுதான் வஹீபாவின் தொழில். நெருக்கமாகக் குத்தக் கூடாது, ஒரே குழியைத் திரும்பத் திரும்பச் சுடக் கூடாது என்பதெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் வெளியே அடுத்தவள் காத்திருந்தாள். முடியோ பிடிவாதமாக நின்றது. வஹீபா மின்சாரத்தைக் கூட்டினாள். வராத முடிக்கு இன்னொரு தரம், அதற்கும் வராததற்கு மறுபடியும். தோல் வெள்ளை வெள்ளையாகத் தடித்ததைப் பார்த்தாள், நிறுத்தவில்லை. "ரெண்டு நாள்ல அடங்கிடும்" என்று சொல்லி அனுப்பிவைத்தாள். வெந்நீர் படக் கூடாது, தேய்க்கக் கூடாது என்று சொல்ல மறந்துபோனாள்.

அடங்கவில்லை. தாடை நீர் கோத்து, வடிந்து, பழுப்பாகப் பொருக்குக் கட்டியது. இக்ராம் வீட்டில் முக்காட்டை இழுத்துக்கொண்டு பல்வலி என்று சொல்லிச் சமாளித்தாள். ஆனால் நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள் வீட்டுப் பெண்கள் எல்லாரும் பொதுக் குளியல் கூடமான ஹம்மாமுக்குக் கிளம்பினார்கள். வரமாட்டேன் என்றால் ஏன் என்பார்கள். ஏன் என்பதற்குப் பதில் சொன்னால் தாடி வெளியே வந்துவிடும். அந்தப் பெண் என்ன செய்தாள் தெரியுமா? குளியல் களிமண்ணைக் குழைத்து முகம் முழுக்க அப்பிக்கொண்டு, நீராவி அறையில் மற்றவர்களோடு போய் உட்கார்ந்துவிட்டாள்.

அங்கே தேய்த்துவிடுகிறவள் தாமூ. எங்கள் பேட்டையில் அவள் கைபடாத மணப்பெண் கிடையாது. முரட்டுக் கையுறையைப் போட்டுக்கொண்டு முதுகைத் தேய்த்தாள், கையைத் தேய்த்தாள், கடைசியில் வழக்கம்போல முகத்துக் களிமண்ணை வழித்தாள். பொருக்கு அத்தனையும் அதோடு வந்துவிட்டது. இக்ராம் அலறினாள். கையுறையில் ரத்தம்.

"என் பொண்ணு தோலை உரிச்சுட்டியேடி, பாவி!" என்று இக்ராமின் தாய் ஸுஹூர் போட்ட கூச்சலில் வெளி அறையில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தவர்கள்கூட உள்ளே ஓடி வந்தார்கள். இக்ராம் வாயைத் திறக்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண்ணுக்குக் காய்ச்சல் என்று சொல்லி நிச்சயதார்த்தத்தைத் தள்ளிவைத்தார்கள். அதற்குப் பிறகு தாமூவுக்கு முன்னால் ஒருத்தியும் உட்காரவில்லை.

இக்ராம் மட்டும் யாருக்கும் தெரியாமல் வஹீபாவிடம் வந்து போனாள். நகம் படாதே, பச்சைத் தண்ணீரில் ஒற்றி எடு, களிம்பை மெல்லிசாகப் போடு, வெயிலில் போகாதே, பூச்சு எதையும் தொடாதே. முன்பே சொல்லியிருக்க வேண்டியதையெல்லாம் வஹீபா இப்போது சொன்னாள். புண் ஆறியது. சிவப்பு பழுப்பாயிற்று, பழுப்பும் மெதுவாக வெளுத்தது. மிஞ்சியது தாடையோரம் இருந்த சின்னச் சின்னக் குழிகள்.

பூதக்கண்ணாடி விளக்கை இழுத்து வைத்து வஹீபா அவற்றைப் பார்த்தாள். கையுறை தேய்த்தால் அகலமாகச் சிராய்க்கும். இவை ஊசிமுனைக் குழிகள், அவள் குத்திய அதே வரிசையில். சந்தேகத்துக்கே இடமில்லை.

"இது தாமூ சித்தி கையாலதானே ஆச்சு?" என்று கேட்டாள் இக்ராம். கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்டாள்.

வஹீபா களிம்பை எடுத்தாள். "பேசாம படு. களிம்பு வாய்க்குள்ள போயிடும்," என்றாள்.

ஒரு நாள் மாலை தாமூவே வந்து நின்றாள். கையில் நீலத்தாள் சுற்றிய சர்க்கரைக் கூம்பு. எங்கள் ஊரில் பெண் கேட்டுப் போனாலும் சர்க்கரைதான், மன்னிப்புக் கேட்டுப் போனாலும் சர்க்கரைதான்.

"ஸுஹூர் வாசல்லயே கதவைச் சாத்திட்டா மகளே. இதை வாங்கவே மாட்டேங்கறா. நீதான் முகம் பாக்கற வேலை தெரிஞ்சவ. அந்தப் பிள்ளைக்கு ஏதாவது மருந்து குடு. கூலியா இதை வச்சுக்கோ," என்று கூம்பை மேசைமேல் வைத்தாள். பிறகு இரண்டு கைகளையும் விளக்கு வெளிச்சத்தில் நீட்டினாள். "இத்தனை வருஷத்துல ஒருத்தருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்ல. இந்தக் கைக்கு என்ன ஆச்சு? நீயே சொல்லேன்."

சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம்தான். வஹீபா வாயைத் திறந்தாள். "வயசாகுதுல்ல சித்தி. கொஞ்சம் மெதுவாத் தேய்ச்சிருக்கலாம்," என்று வந்தது.

சொன்ன மாத்திரத்தில் அவளுக்குத் தன் நாக்கின் மேலேயே அருவருப்பு வந்தது. தாமூ தலையை ஆட்டி ஒத்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனாள். நன்றி! அன்றிலிருந்து அந்தக் கூம்பு அலமாரியில் நின்று வஹீபாவைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் டீயில் சர்க்கரை போடுவதையே விட்டுவிட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை வஹீபா ஹம்மாமுக்குப் போனாள். தாமூவிடம் தேய்த்துக்கொண்டால் நாலு பேர் பார்ப்பார்கள், அவளுக்குப் பழையபடி ஆள் சேரும், தானும் எதையும் சொல்ல வேண்டியிருக்காது என்பது அவள் கணக்கு. தாமூ வாளி சுமந்துகொண்டிருந்தாள். அவள் மகள் ஹலீமா கைக்குழந்தையோடு வந்திருந்தாள்.

"அம்மா, இவ மூஞ்சியக் கொஞ்சம் கழுவி விடேன். நான் தலைக்கு ஊத்திக்கிறேன்."

"நீயே கழுவிக்கோ."

"உன் பேத்திதானே! ஒரு கை தண்ணி எடுத்து..."

"வேண்டாம்னா விடேன்டி!" தாமூ இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "நான் இவ முகத்தத் தொடறதில்ல."

வஹீபா குளிக்காமலே துணியை மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அலமாரியிலிருந்து கூம்பை எடுத்துக்கொண்டு, மறைக்காமல், பட்டப்பகலில் சந்தின் நடுவே ஹம்மாமுக்கே திரும்பி நடந்தாள்.

"யாருக்குடி பொண்ணு கேட்டுப் போறே?" என்று ரொட்டி அடுப்புக்காரி கேலி செய்தாள்.

ஹம்மாமின் வெளி அறையில் ஸுஹூரும் இக்ராமும் குளித்து முடித்துத் தலை துவட்டிக்கொண்டிருந்தார்கள். தாமூ ஈரத் துண்டுகளைப் பிழிந்துகொண்டிருந்தாள். வஹீபா எல்லாரும் பார்க்க அவள் முன்னால் போய்க் கூம்பை நீட்டினாள்.

"இக்ராம் முகத்தைக் கெடுத்தது உன் கை இல்ல சித்தி. என் கை. என் ஊசியால சுட்டுட்டேன். அளவுக்கு மீறிச் சுட்டேன். நீ தொடறதுக்கு முன்னாடியே அது புண்ணு. தெரிஞ்சேதான் உங்கிட்ட பொய் சொன்னேன்."

ஸுஹூர் துண்டோடு எழுந்தாள். "ஊசியா? என் பொண்ணுக்கு எதுக்கு ஊசி?"

வஹீபா வாயை இறுக மூடிக்கொண்டாள். தன் குற்றத்தைச் சொல்லலாம். இன்னொருத்தியின் ரகசியத்தை எப்படிச் சொல்வது? எல்லார் கண்ணும் இக்ராமின் மேல் போனது.

"தாடிக்குத்தாம்மா," என்றாள் இக்ராம். "எனக்குத் தாடி முளைக்குது. அதை மறைக்கத்தான் களிமண்ணு. தாமூ சித்தி மேல பழி விழுந்தப்ப நானும் சும்மா இருந்துட்டேன்."

மூலையில் சீப்போடு உட்கார்ந்திருந்த ஒரு பருத்த பெண் தன் மோவாயைத் தடவிக்கொண்டாள். "இதுக்கா இவ்வளவு கூத்து? எனக்குந்தான் இருக்கு. என் வீட்டுக்காரரு இன்னும் உயிரோடதான் இருக்காரு," என்றாள். ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். ஸுஹூர் சிரிக்கவில்லை. தாமூவைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாமூ கூம்பை வாங்கவில்லை. வஹீபாவின் முகத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"மெதுவாத் தேய்ச்சிருக்கலாம்னு சொன்னியே," என்றாள். சத்தம் போடவில்லை. "நான் தூங்கறப்பகூட என் கைய நானே புடிச்சுக்கிட்டுத் தூங்கினேன்டி."

வஹீபா அழுதாள். தாமூ அவளைத் தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை. நேரே நீராவி அறைக்குள் போனாள். திறந்திருந்த கதவு வழியே எல்லாருக்கும் தெரிந்தது. ஹலீமாவின் மடியிலிருந்து குழந்தையை வாங்கினாள். வெறும் உள்ளங்கையில் தண்ணீர் அள்ளி, நெற்றியிலிருந்து மோவாய்வரை வழித்துவிட்டாள். குழந்தை மூச்சை இழுத்து, கண்ணைச் சிமிட்டி, ஈரக் கையை எட்டிப் பிடித்தது. தாமூ இன்னொரு கை தண்ணீர் அள்ளினாள்.

வெளி அறையில் வஹீபா கூம்பை ஏந்தியபடி நின்றாள். அவளை உட்காரச் சொல்ல யாரும் இல்லை.