கீழே முகவரியும் போட்டிருந்தாள்

தெருவில் அவருக்கு லென்ஸ் என்று பெயர். ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, செத்துப்போன செல்போனின் வயிற்றைத் திறந்துவைத்துக் குனிந்திருப்பார். யாராவது கூப்பிட்டால் அதைக் கழற்றாமலேயே நிமிர்ந்து பார்ப்பார். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர். மற்ற கடைகளில் கைவிரித்த போன்கள்கூட அவர் மேசைக்கு வந்தால் எழுந்து உட்கார்ந்துவிடும். அவருடைய மனைவி கல்லாவில் இருந்து கவர், சார்ஜர் விற்பாள். கடை சின்னது. இருவரில் ஒருவர் வெளியே போகவேண்டுமானால் மற்றவர் எழுந்து நின்று வழிவிட வேண்டும்.

எதிர்ச்சாரியில் ஒரு பெரிய கம்பெனியின் சர்வீஸ் கடை வந்தது. கண்ணாடி முகப்பு, ஏசி, காத்திருப்பவர்களுக்கு சோபா. வந்த கொஞ்ச நாளிலேயே இவர்கள் ஈ ஓட்ட ஆரம்பித்தார்கள்.

"மாமா வேலைல கெட்டிக்காரர்தான் அக்கா. ஆனா அது உனக்கும் எனக்கும் தெரிஞ்சா போதுமா?" என்றான் அவள் தம்பி. "நாலு பேருக்குத் தெரியணும். பேஜ் ஆரம்பி. பிளாக் எழுது. நீதான் நல்லா எழுதுவியே."

அவள் எழுதினாள். தண்ணீரில் விழுந்த போனை உடனே சார்ஜில் போடாதீர்கள் என்று ஒரு பதிவு. பேட்டரி ஏன் உப்புகிறது என்று ஒரு பதிவு. ஒவ்வொன்றின் கீழும் கடையின் பெயர், முகவரி, போன் நம்பர். அவளுடைய தம்பி லைக் போட்டான். தம்பி மிரட்டியதால் அவன் நண்பர்கள் போட்டார்கள். முகம் தெரியாத ஒருவர் மட்டும் எந்தப் பதிவு போட்டாலும் ரோஜாப்பூ படத்தோடு காலை வணக்கம் சொன்னார். அவரும் ஒருநாள் நிறுத்திவிட்டார்.

"எழுத்தை யாரு படிக்கிறா? வீடியோ போடு" என்றான் தம்பி.

லென்ஸை கேமராவுக்கு முன்னால் உட்காரவைத்தால், சாட்சிக்கூண்டில் நிறுத்தியதுபோல விறைத்துப்போனார். சரி, முகமே வேண்டாம், கை மட்டும் போதும் என்று முடிவுசெய்து, போனுக்குள் இருக்கும் போர்டில் அவர் பொடிப்பொடி பாகங்களை ஒட்டுவதை மிக நெருக்கத்தில் படமெடுத்தாள். அப்போதுதான் பார்த்தாள். திரையில் இடுக்கியின் நுனி துடித்துக்கொண்டிருந்தது.

"கேமரா ஆடுது பாரு" என்றார் அவர்.

"கேமரா ஸ்டாண்டுல இருக்குங்க."

அவர் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டார். எவ்வளவு நாளாக இப்படி என்று அவள் கேட்டதும் மேசை விளக்கை அணைத்தார். அந்த வீடியோவை அவள் போடவில்லை.

நரம்பு டாக்டர் நிதானமாக விளக்கினார். மாத்திரையால் கொஞ்சம் கட்டுப்படுத்தலாம், குணமாகாது, மெல்ல மெல்லக் கூடும். வெளியே வந்ததும் லென்ஸ் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "யார்கிட்டயும் மூச்சு விடாத."

அவர் தனக்கென்று ஒரு வழி கண்டுபிடித்தார். மாத்திரை வேலைசெய்யும் காலை நேரத்தில் நுணுக்கமான வேலை. மணிக்கட்டை மேசை விளிம்பில் அழுத்திக்கொண்டால் நடுக்கம் அடங்கும். வேலை முன்னைவிட மெதுவாக நடந்தது, ஆனால் சுத்தமாக நடந்தது. ஒரு போன்கூடக் கெட்டுப்போகவில்லை. அந்த வட்டாரத்துச் சின்னக் கடைக்காரர்கள் சிலர், தங்களால் முடியாத போர்டுகளை அவரிடம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அடுப்பு எரிந்தது அதில்தான்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவரை உள்ளே ஏதோ பரிசோதனைக்குக் கூட்டிப்போனார்கள். அவள் வராந்தா பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடும் போலிருந்தது. சொல்லத்தான் ஆளில்லை. போனை எடுத்து எழுதத் தொடங்கினாள். அந்தக் கைகளை முதன்முதலில் பார்த்தது, அந்த இடுக்கி துடித்தது, சட்டைப் பொத்தானை மாட்டமுடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பி அவர் நின்றது. அவர் மேசையில் குனிந்திருக்கும் படம் ஒன்றையும் சேர்த்தாள். முடித்ததும் பழக்கதோஷத்தில் கீழே கடையின் பெயரையும் முகவரியையும் போட்டு அனுப்பிவிட்டாள். எப்போதும்போல யாரும் படிக்கப்போவதில்லை என்றுதான் நினைத்தாள்.

மறுநாள் அவர் கடை திறக்கப் போனபின் தம்பி வீட்டுக்கு மூச்சிரைக்க வந்தான். "அக்கா, உன் பதிவு எங்கெங்கயோ போயிடுச்சு. முன்னபின்ன தெரியாதவங்கல்லாம் அழுதுட்டிருக்காங்க. இனிமே கடைக்குக் கூட்டம்தான் பாரு."

அவள் போனைத் திறந்து பார்த்தாள். எத்தனையோ பேர் கைகூப்பியிருந்தார்கள், பிரார்த்தித்திருந்தார்கள். ஒருவர்கூட போன் ரிப்பேர் பற்றிக் கேட்கவில்லை. அவரிடம் எப்படிச் சொல்வது என்று காலை முழுக்கத் தவித்தாள். சாப்பிட்டபிறகு சொல்லலாம் என்றிருந்தாள். அதற்குள் பக்கத்துத் தெருக் கடைக்காரர் வந்துவிட்டார். வழக்கமாக போர்டு அனுப்புகிறவர்.

"நான் குடுத்ததையெல்லாம் திருப்பிக் குடுத்துடுங்க அண்ணே. ஒண்ணும் தப்பா நினைச்சுக்காதீங்க. பார்ட்டி அவசரப்படுத்துறான்."

"நாளைக்குக் காலைல முடிச்சிடுவேனே" என்றார் லென்ஸ்.

வந்தவர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். "உடம்பைப் பாத்துக்குங்கண்ணே. அண்ணி எழுதினதைப் படிச்சேன். மனசு தாங்கல."

"என்ன எழுதினா?"

வந்தவர் தன் போனை நீட்டினார். போன மாதம் லென்ஸே திரை மாற்றிக்கொடுத்த போன் அது. லென்ஸ் நின்றபடியே கடைசிவரை படித்தார். போனைத் திருப்பிக்கொடுத்தார். போர்டுகளை உறையிலிட்டு, பெயர் சரிபார்த்து எடுத்துக்கொடுத்தார்.

வந்தவர் போனபின் அவள் கல்லாவை விட்டு எழுந்து அவரருகில் வந்தாள். "அங்க உக்காந்திருந்தப்ப என்னமோ ஆயிடுச்சுங்க. கடைக்காக எழுதல. சத்தியமா."

"நல்லாத்தான் எழுதியிருக்க" என்றார். மேசையைத் துடைத்துவிட்டு, "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார்.

அவர் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

பதிவை அழித்தாள். அழித்து என்ன பயன்? யார் யாரோ எடுத்துப் போட்டிருந்தார்கள். ஒருவர் சோக இசை சேர்த்து வாசித்தே காட்டியிருந்தார். அந்த வாரமே மற்ற கடைக்காரர்களும் ஒவ்வொருவராக வந்து போர்டுகளை வாங்கிக்கொண்டு போனார்கள். எல்லாரும் நல்லவர்கள்தான். எல்லாரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள்.

தம்பி சொன்ன கூட்டமும் வராமலில்லை. பரிதாபப்பட்டு ஒரு கவர் வாங்கினார்கள், அவர் பக்கத்தில் நின்று படமெடுத்தார்கள். ஒரு பெண் போனைக் கொடுத்து, என்ன கோளாறென்று சொல்லத் தெரியவில்லை, நீங்களே பாருங்கள் என்றாள். அவர் ஆசையாகத் திறந்து, அங்குலம் அங்குலமாகப் பார்த்தார்.

"இது நல்லாத்தானேம்மா இருக்கு?"

"பரவால்ல ஐயா. பார்த்ததுக்கு ஏதாவது வாங்கிக்குங்க."

அவர் போனை மூடி அந்தப் பெண்ணின் கையில் கொடுத்துவிட்டு, பூதக்கண்ணாடியைக் கழற்றி டிராயரில் வைத்தார். அதன்பின் அவர் எந்த போனையும் திறக்கவில்லை. பிறகு அந்தப் பரிதாபமும் ஓய்ந்தது. வாடகைக்கே திண்டாட்டமாகி, கடையைக் காலிசெய்தார்கள்.

அந்தச் சமயத்தில் எதிர்க்கடை மானேஜர் அவளுக்கு போன் செய்தார். அவளுடைய எழுத்தில் ஓர் உயிர் இருக்கிறதாம். அவர்கள் கம்பெனியின் பேஜுக்கு எழுத ஆள் தேவையாம். அவள் முடியாது என்று வைத்துவிட்டாள். கேட்டுக்கொண்டிருந்த லென்ஸ், "போ" என்றார்.

"அவங்க கடைக்கா?"

"வேற யாரு கூப்பிடறாங்க?"

போனாள். முதல் நாளே மானேஜர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "டெக்னிக்கல் விஷயமெல்லாம் வேண்டாம் மேடம். உங்க வீட்டுக்காரரைப் பத்தி எழுதினீங்களே, அந்த மாதிரி மனசைத் தொடுற மாதிரி குடுங்க." அவள் தலையாட்டினாள். கையில்லாத தம்பியோடு வீடியோ காலில் பேசும் அக்கா, செத்துப்போன அப்பாவின் குரல் பதிந்த போன் என்று இல்லாத மனிதர்களை உண்டாக்கி எழுதினாள். எல்லாம் நன்றாகப் போயின. சம்பளத்தில் மாத்திரை வாங்கினாள்.

மாலையில் வீட்டுக்கு வந்தால் அவர் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். ஒருநாள் கேட்டார்: "அங்க போர்டு வேலை யார் பார்க்கறா?"

"யாரும் பார்க்கறதில்லைங்க. போர்டு போச்சுன்னா தூக்கிப் போட்டுட்டுப் புதுசு மாட்டிடறாங்க."

"பழசை என்ன பண்றாங்க?"

"மூட்டை கட்டி எங்கயோ அனுப்பறாங்க. தெரியல."

அவர் ஒரு கையால் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கையும் ஆடத் தொடங்கியிருந்ததை அவள் அன்றுதான் கவனித்தாள். டாக்டரிடம் எப்போது போவது என்று கேட்க வாயெடுத்தாள். போன் ஒலித்தது. மானேஜர். நாளைக்கான பதிவு இன்னும் வரவில்லையாம்.