தான் எழுதியதைத் தானே படிக்கும் பெட்டி

கம்ப்யூட்டரோடு மாட்டியிருந்த டேப் பெட்டி டேப்பை விழுங்கிவிட்டு, வாயைத் திறக்கமாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தது. ரெனாட்டா பித்தானை அழுத்திப் பார்த்தாள். உள்ளே ஏதோ கரகரவென்று இருமியது, அவ்வளவுதான். சமையலறையிலிருந்து மரக்கரண்டியை எடுத்துவந்து அதன் தலையில் லேசாகத் தட்டினாள். அடுத்த மேஜையில் ஆலைக்காரர்களுக்குப் பில் எழுதிக்கொண்டிருந்த ஸெனோன் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"தலையில தட்டாத. பக்கவாட்டுல தட்டு. உங்கக்கா அப்படித்தான் தட்டுவா."

பக்கவாட்டில் தட்டியதும் டேப் வெளியே வந்தது. ரெனாட்டாவுக்கு எரிச்சலாக இருந்தது. செத்துப்போய் மூன்று வருடமாகியும் கிங்கா சொன்னால்தான் இந்த வீட்டில் எல்லாம் கேட்கும்போல.

பாபியானித்ஸே என்ற ஆலை ஊரில் மூன்றாவது மாடியில் இருந்த அந்த வீட்டின் முன்னறைதான் அவர்களுடைய தொழிற்கூடம். ஜன்னல் திரைகளுக்கு லேஸ் வடிவம் வரைந்து நெசவாலைகளுக்குக் கொடுப்பது தொழில். வரைந்தது அக்கா கிங்கா, கணக்கும் ஆலைகளோடு மல்லுக்கட்டுவதும் அவள் கணவர் ஸெனோன், அக்கா வரைந்ததைப் புள்ளி புள்ளியாகத் திருத்தி ஊசிக்கும் நூலுக்கும் ஒத்துவரச் செய்வது தங்கை ரெனாட்டா. எல்லாம் ஒரே ஒரு கம்ப்யூட்டரில் நடந்தது. சாதாரணக் கம்ப்யூட்டர் இல்லை, படம் வரைவதற்கென்றே கடன்பட்டு வாங்கிய பெரிய வொர்க்ஸ்டேஷன். அதுவும் எத்தனைதான் தாங்கும்? ஒரு வடிவம் முடிந்ததும் டேப்பில் பதிந்துவிட்டு, கம்ப்யூட்டரிலிருந்து அழித்து, அடுத்ததற்கு இடம் பண்ணுவார்கள். ஆக, கிங்கா வரைந்தது அத்தனையும் அலமாரியில் வரிசையாக நிற்கும் அந்தக் குட்டி டேப்புகளில்தான் இருந்தது. வேறெங்கும் இல்லை.

டேப்புகளுக்கு எண் கிடையாது, பெயர்தான். சுவர் காலண்டரில் அன்றன்றைக்கு எந்தெந்தப் புனிதரின் பெயர்நாள், எந்தப் பெயர்க்காரர்கள் கொண்டாடவேண்டும் என்று போட்டிருக்குமே, அதில் ஒன்றைப் பார்த்து கிங்கா எழுதி ஒட்டுவாள். மரியா, அன்னா எல்லாம் வருடத்துக்குப் பத்து தடவை வரும், குழம்பிப்போகும் என்று பெரும்பாலும் யாருமே வைக்காத பெயராகத் தேடிப் பிடிப்பாள். கெர்வாஸி, மேலானியா, போனிஃபாட்ஸி. கடைசி டேப்பில் தெலெஸ்ஃபோர். ஜனவரி ஐந்து. அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். மார்ச்சில் இறந்துபோனாள்.

தெலெஸ்ஃபோரில் இருந்தது ஆலைக்காரர்களுக்கான வடிவம் இல்லை. குளிர்காலத்தில் கண்ணாடியில் உறைபனி படர்ந்து பூப்பூவாக நிற்குமே, அதையே லேஸாக்கிக்கொண்டிருந்தாள், தங்கள் வீட்டு முன்னறை ஜன்னலுக்காக. ஊருக்கெல்லாம் திரை வரைகிறவர்கள் வீட்டு ஜன்னல் மட்டும் மொட்டையாக நிற்கிறதே என்று எதிர்வீட்டுக்காரி கேலிபண்ணுவாள். நம்முடையது வரட்டும், அதுவரை கடைச்சரக்கைத் தொங்கவிட மாட்டேன் என்பாள் கிங்கா. பாதிதான் வரைந்தாள். ஜன்னல் இன்றும் மொட்டைதான்.

டேப் பெட்டி இப்படி இருமத் தொடங்கியபின் புதிதாக ஒன்று வாங்காமல் தீராது என்று ரெனாட்டா சொன்னாள். ஸெனோன் காதில் வாங்கவில்லை. எல்லாச் செலவுக்கும் முதல் நாள் அவர் காது கேட்காது, தெரிந்த கதைதான். இரண்டாம் நாள், இதிலேயே நன்றாகத்தானே பதிகிறது என்றார். அதில் பொய் இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் பதிந்த டேப்பைத் திரும்பப் போட்டு, சரியாகப் படிக்கிறதா என்று பார்ப்பது கிங்கா வைத்த வழக்கம். ரெனாட்டா ஒரு வாரம்கூட விட்டதில்லை. ஒருமுறைகூடத் தப்பு வந்ததில்லை. ரிப்பேர்க்காரர்தான் கழற்றிப் பார்த்து, உள்ளே டேப்பைத் தொட்டு எழுதிப் படிக்கும் தலை தேய்ந்துவிட்டது, உதிரி பாகமும் இனி வராது, ஓடுகிறவரை ஓட்டுங்கள் என்று கையைத் துடைத்துக்கொண்டு போனார். மூன்றாம் நாள் ஸெனோன் இறங்கி வந்தார்.

"வாங்கு. ஆனா மலிவா வாங்கு. வாங்கறதுக்கு முன்னாடி நம்ம டேப் ஒண்ணு போட்டுப் பாரு. படிச்சா வாங்கு, படிக்கலன்னா வந்துட்டே இரு."

"தெரியும் அத்தான். நான் என்ன கண்ண மூடிட்டா வாங்கப்போறேன்?"

மலிவு என்றால் எது மலிவு? அதைக் கண்டுபிடிக்கவே ரெனாட்டாவுக்கு ஒரு வாரம் பிடித்தது. விளம்பரப் பத்திரிகையில் இருந்த மிக மலிவான பெட்டி வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கானது, அவர்களுடையதில் மாட்டவே மாட்டாது. இன்னொன்று பெட்டி மலிவு, ஆனால் அதற்கான டேப்புகள் யானை விலை. புதிதாய் வந்திருக்கும் பெரிய பெட்டியின் விலைக்குப் பழைய குட்டிக் கார் ஒன்றை வாங்கிக் குடும்பத்தோடு கடலுக்குப் போய்வரலாம். பழையது நல்லதாகக் கிடைத்தால்தான் உண்டு என்று முடிவுகட்டி, கெர்வாஸி டேப்பைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வூச் நகரத்துக்கு டிராம் ஏறினாள்.

முதலில் போனது லுத்விக் என்பவருடைய நிலவறைக் கடை. ஊரில் எந்த அலுவலகம் மூடினாலும் அங்கிருந்த கம்ப்யூட்டர்கள் அவரிடம்தான் வந்து சேரும். கம்பளிச் சட்டை, விரலில்லாத கையுறை, மேஜைமேல் கண்ணாடி டம்ளரில் ஆறிப்போன டீ. ஒரு வங்கிக் கிளையிலிருந்து வந்த பெட்டி ஒன்றை எடுத்துத் துடைத்து மாட்டினார். விலையும் கைக்கு அடக்கம். கெர்வாஸியைப் போட்டார்கள். பெட்டி சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டது, முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தது, படிக்க முடியவில்லை என்று துப்பியது. மூன்று முறை போட்டும் அதே கதைதான். லுத்விக் தன் டேப் ஒன்றைப் போட்டுக் காட்டினார். அதை மளமளவென்று படித்தது.

"பாத்தீங்களா மேடம்? பெட்டி தங்கம். பாங்க்ல இருந்து வந்தது."

"பாங்க்ல இருந்து வந்துச்சா, பாங்க் குப்பையில இருந்து வந்துச்சா? உங்க டேப்ப உங்க பெட்டி படிக்கறதுல என்ன சார் பெரும?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. ரெனாட்டா டேப்பைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு படியேறினாள். நல்லவேளை, ஏமாறவில்லை என்று அவளுக்குத் தன்மேல் கொஞ்சம் பெருமைகூட. மறுநாள் இன்னொரு பழைய பெட்டியைப் பார்க்கப் போனாள். அதுவும் கெர்வாஸியைத் துப்பியது. அதற்கடுத்த நாள், வாங்க வழியில்லை என்று தெரிந்தும், வெறும் நப்பாசையில் பெரிய கடைக்குள் நுழைந்தாள். டை கட்டிய பையன் அட்டைப்பெட்டியைப் பிரித்து, பிளாஸ்டிக் உறையைக் கிழித்து, புத்தம்புதுப் பெட்டியை மாட்டினான். இது பழைய டேப்புகளையும் படிக்கும் என்று உறுதியாகச் சொன்னான். கெர்வாஸியைப் போட்டான். அதுவும் துப்பியது. பையன் அவளை நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

திரும்பும் டிராமில் உட்கார இடம் கிடைத்தது. மடியில் கைப்பை, கைப்பைக்குள் கெர்வாஸி. மூன்று பெட்டி, மூன்றுமா குருடு? நம்முடையது ஒன்றுதான் கண் தெரிந்ததா? ஜன்னலுக்கு வெளியே ஆலைச் சுவர்கள் போய்க்கொண்டிருந்தன. லுத்விக்கிடம் தான் வீசிவிட்டு வந்த வார்த்தை அப்போது அவளுக்கு ஞாபகம் வந்தது. உங்க டேப்ப உங்க பெட்டி படிக்கறதுல என்ன பெரும. வெள்ளிக்கிழமைதோறும் அவர்கள் செய்தது வேறென்ன? தலை தேய்ந்து ஒரு பக்கம் சாய்ந்த பெட்டி கோணலாக எழுதியிருக்கிறது, அதே கோணலில் படித்திருக்கிறது. வருடக்கணக்காக, தப்பே வராமல். அலமாரி நிறைய அக்கா இருக்கிறாள் என்று நிம்மதியாக இருந்தார்களே, அவளைப் படிக்க உலகத்தில் அந்த இருமல்காரப் பெட்டியை விட்டால் ஆளில்லை.

இறங்கவேண்டிய இடத்தில் அவள் இறங்கவில்லை. கடைசி நிறுத்தம்வரை போய், அதே டிராமில் மறுபடி வூச்சுக்குப் போனாள்.

லுத்விக் அவளைக் கண்டதும் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார், இன்னொரு சண்டைக்குத் தயாராகிறவர்போல. ரெனாட்டா சுற்றிவளைக்கவில்லை. அன்றைக்குப் பேசியது தப்பு, பெட்டிமேல் குற்றமில்லை, எங்கள் வீட்டுப் பெட்டிதான் கோணல் என்றாள். அவருக்குப் புரிந்துவிட்டது. குத்திக்காட்டவில்லை, ஐயோ பாவம் என்றும் சொல்லவில்லை. பெட்டியைத் துணியில் சுற்றி, தம் பங்குக்கு ஒரு கட்டு வெற்று டேப்பும் கயிறு போட்டுக் கட்டிக்கொடுத்தார்.

"பழையத ஆறவிட்டு ஆறவிட்டு ஓட்டுங்க மேடம். எது முக்கியமோ அத மொதல்ல போடுங்க. எந்த டேப்போட நிக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது."

வீட்டில் ஸெனோனுக்கு விளக்கிச் சொல்ல வெகுநேரம் ஆகவில்லை. லுத்விக்கிடம் வாங்கிவந்த புதுப்பெட்டியில் பதிந்த டேப்பைப் பழையதில் போட்டுக் காட்டினாள். துப்பியது. அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு அலமாரியையே பார்த்தபடி நின்றார்.

வழி ஒன்றுதான். பழைய பெட்டியில் ஒவ்வொரு டேப்பாகப் படித்து, வொர்க்ஸ்டேஷனில் இறக்கி, புதுப்பெட்டியில் பதியவேண்டும். ரெனாட்டா தெலெஸ்ஃபோரைத்தான் முதலில் எடுத்தாள். ஸெனோன் அதை அவள் கையிலிருந்து வாங்கி மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு, ஆலைகள் திரும்பத் திரும்பக் கேட்கும் வடிவங்கள் உள்ள டேப்புகளை முன்னால் அடுக்கினார். அவளுக்கு மூக்குக்குமேல் கோபம் வந்தது. இந்த மனிதனுக்கு எல்லாமே வியாபாரம்தானா?

"அவ கடைசியா வரஞ்சது அத்தான். நம்ம ஜன்னலுக்கு."

"தெரியும்."

"அப்பறம் என்ன?"

ஸெனோன் அடுக்கிய டேப்புகளைத் தேவையில்லாமல் இன்னொரு முறை அடுக்கினார்.

"போடாதவரைக்கும் அதுல இருக்குன்னு நெனச்சுக்கலாம் ரெனாட்டா. போட்டு, படிக்கலன்னா?"

மூன்று வருடமாக அவர் ஏன் அந்த டேப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. கோபப்பட்டதற்கு வெட்கமாக இருந்தது. மேலானியாவை எடுத்துப் போட்டாள்.

அந்த வாரம் முழுக்க அதே வேலைதான். ஒரு டேப் முடிந்ததும் பெட்டி ஆறுவதற்குக் காத்திருப்பார்கள். ஸெனோன் கசகசா கேக்கை வெட்டி வைப்பார், ரெனாட்டா புதுப்பெட்டியில் பதிவாள். பதிந்ததை லுத்விக்கின் கடைக்கு எடுத்துப்போய், அங்கே வேறொரு பெட்டியிலும் படிக்கவைத்துப் பார்த்தாள். சூடுபட்ட பூனை. கெர்வாஸி வந்துவிட்டது. போனிஃபாட்ஸி பாதியில் நின்று, பக்கவாட்டில் தட்டியபின் வந்தது. கம்ப்யூட்டர் திரையில் அக்காவின் இலைகளும் மயில்களும் திராட்சைக் கொடிகளும் ஒவ்வொன்றாக இறங்க, அலமாரி காலியாகிக்கொண்டே போனது. பெட்டியின் இருமல் போய் ஓர் அரைக்கும் சத்தம் வந்திருந்தது. சனிக்கிழமை மதியம் ஒரு டேப்பைத் துப்பும்போது கருகல் வாடையும் அடித்தது. மேஜையில் மீதி இரண்டு. ஒன்று பார்பரா, எல்லாவற்றிலும் நீளமான டேப், பெட்டியை வாட்டிவிடும் என்று தள்ளிப்போட்டது; பெரிய ஆலை வருடாவருடம் கேட்கும் ரோஜாக்கொத்து அதில்தான். வசந்தத்துக்கான ஆர்டர் போனவாரமே வந்து ஸெனோனின் பில் புத்தகத்துக்குள் இருந்தது. இன்னொன்று தெலெஸ்ஃபோர்.

இரண்டையும் இது தாங்காது என்று இருவருக்குமே தெரியும். ரெனாட்டா நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டாள். இதை அவள் முடிவுசெய்ய முடியாது. ஆலை ஆர்டர் அவர் பொறுப்பு. கிங்கா அவர் மனைவி.

ஸெனோன் அந்த நாற்காலியில், கிங்கா வரைய உட்காரும் நாற்காலியில், உட்கார்ந்தார். கிங்கா போனபின் அவர் அதில் உட்கார்ந்து ரெனாட்டா பார்த்ததில்லை. பார்பராவைக் கையில் எடுத்து, திருப்பிப் பார்த்து, சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தெலெஸ்ஃபோரின் தூசியைக் கட்டைவிரலால் துடைத்து, பெட்டியின் வாயில் வைத்து மெதுவாகத் தள்ளினார். அது வாங்கிக்கொண்டது. அரைத்தது. நின்றது. மறுபடி அரைத்தது. மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. திரையில் எதுவும் வரவில்லை. அவர் காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியைத் தொடுவதுபோல உள்ளங்கையைப் பெட்டிமேல் வைத்துக்கொண்டார்.

"பாதிதான் வரஞ்சிருந்தா, இல்ல?"

"பாதி போதும் அத்தான். அதையே திருப்பிப் போட்டா மறுபாதி. நான் பண்ணிடுவேன்."

அவர் தலையசைத்தார். கண் விளக்கிலேயே இருந்தது. பில் எழுத விவரம் கேட்கும் குரலில் கேட்டார்.

"அந்த ஜன்னல் என்ன அகலம் இருக்கும்?"

ரெனாட்டா ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறினாள். வெளியே டிசம்பர். கண்ணாடியின் கீழ் ஓரங்களில் உறைபனி பிடித்திருந்தது. பின்னால் பெட்டி அரைத்துக்கொண்டிருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. சட்டத்தின் இடது மூலையில் கட்டைவிரலை ஊன்றி, கையை விரித்து, ஒரு சாண், இரண்டு சாண் என்று அளக்கத் தொடங்கினாள்.