மண்மேட்டுக்குப் பின்னால் மாரக்காள்

1

இந்தக் கதை எனக்குக் காதில்தான் விழுந்தது. அரிசி களைந்துகொண்டிருந்தேன். ஒரு பெண்குரல், நல்ல கோபத்தில்:

"ஏனுங்க பாய், உங்க சிப்பாயிக்குக் கண்ணு எங்கீங்க இருக்குது? காலு பூராவும் என்ற கடலைச்செடி மேல இருக்குது!"

கழுநீரோடு கொஞ்சம் அரிசியும் போய்விட்டது. குரல் போகவில்லை.

எனக்குக் கதைகள் இப்படித்தான் வரும். முதலில் பேச்சு. முகம், புடவை, வீடு வாசல் எல்லாம் பிறகு வரும். சில சமயம் வராமலே போய்விடும். இந்த மாரக்காளுக்கு மூக்குத்தி உண்டா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வேண்டுமானால் நீங்களே ஒன்று போட்டுவிடுங்கள்.

2

முதல் தொடக்கம்: "சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்த மறுவருஷம், சேந்தமங்கலத்தை அடுத்த கொல்லிமலை அடிவாரத்தில், போலீஸில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் துப்பாக்கிப் பயிற்சி…"

(அடித்துவிட்டேன். சர்க்கார் அறிக்கை மாதிரி இருக்கிறது.)

இரண்டாவது: "காலை வெயிலில் செம்மண் மேடு தீயாய்ச்…"

(இதையும். நான் எங்கே பார்த்தேன்? கேட்டதோடு சரி.)

நேராகவே சொல்லிவிடுகிறேன். சுடுகிறவர்கள் ஒரு பக்கம். எதிரே குறிப்பலகை, அதற்குப் பின்னால் குண்டு வாங்கிக்கொள்ள ஒரு மண்மேடு. மேட்டுக்கு அந்தப் பக்கம் மாரக்காளின் கடலைக்காடு. பயிற்சி கொடுப்பவர் செவ்வாய்ப்பேட்டைக்காரர், ஹவில்தார் பரக்கத் அலி. சுடுவதற்கு முன் சிவப்புக் கொடி ஏற்ற வேண்டும்; ஒரு சிப்பாய் மேட்டைச் சுற்றிப் போய், ஆள் இல்லை என்று கண்ணால் பார்த்துவிட்டு வர வேண்டும். அதுதான் விதி. அப்படிப் போன சிப்பாய்தான் செடியை மிதித்தான். அன்றைய சண்டை ஓர் ஒப்பந்தத்தில் முடிந்தது: இனி சிப்பாய் வர மாட்டான், ஹவில்தார் இங்கிருந்து கேட்பார், மாரக்காள் அங்கிருந்து பதில் சொல்வாள்.

3

"மாரக்கா! அந்தப் பக்கம் யாராச்சும் இருக்காங்களா?"

"ஆரும் இல்லீங்க பாய்! சுடுங்க!"

"நல்லாப் பாத்தியாம்மா?"

"உங்க சிப்பாயி பாக்கறதுக்கு நான் பாக்கறது மேலுங்க!"

சொல்லிவிட்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு பள்ளத்தில் இறங்கிவிடுவாள். வேட்டுச் சத்தம் நின்றதும் மேலே வந்து, அவித்த கடலையை மடியிலிருந்து எடுத்து சிப்பாய்களுக்குக் கொடுப்பாள். கூடவே கேலி. அதில் பெரும் பங்கு ராசிபுரத்து நெசவுக்காரர் வீட்டுப் பையன் செங்கோடனுக்கு. அவன் குண்டு பலகையைத் தொட்டதே இல்லை.

"ஏஞ்சாமி, தறியில நாடா ஓட்டுன கையி, குண்டையும் அக்கட்டால இக்கட்டால ஓட்டுது பாரு!"

"நீங்களும் சிரிச்சா நான் எங்கீங்கக்கா போறது?"

"சிரிக்காம என்ன பண்றது? உன்ற வேட்டுக்கு என்ற ஆட்டுக்குட்டிகூடக் காது ஆட்டல. இந்தா, கடலையைத் தின்னு."

[குறிப்பு: செங்கோடனை முதலில் முரடனாகத்தான் எழுதினேன். போலீஸ் கதை, ஒரு முரடன் வேண்டாமா? ஆனால் அவன் வாயில் "டேய்" வைத்தால் அது "ங்க" என்று வெளியே வந்தது. விட்டுவிட்டேன். அதற்காக எல்லாரும் அப்படி என்று சொல்ல மாட்டேன். அதே சட்டை போட்ட வேறு சிலர், கள்ளுப்பானை தேடுகிறோம் என்று ஊருக்குள் புகுந்து, மாரக்காளின் கொழுந்தன் மணியனை முதுகு வீங்க அடித்தார்கள். அதைச் சர்க்கரை தடவி எழுத என்னால் முடியாது. மணியனின் குரலும் எனக்குக் கேட்கவில்லை. அவன் அதற்குப் பிறகு பேச்சையே குறைத்துக்கொண்டான்.]

4

அன்றும் ஹவில்தார் கேட்டார். அன்றும் "ஆரும் இல்லீங்க" என்றாள். அவள் பார்த்தவரையில் அது உண்மைதான். தன்னை ஓர் ஆளாக அவள் சேர்த்துக்கொண்டதே இல்லை. பள்ளத்தில் இறங்கிய பிறகுதான் ஓர் ஆடு குறைவது தெரிந்தது. அதன் கயிறு மேட்டோரத்து வேலமரத்து வேரில் மாட்டிக்கொண்டிருந்தது.

"கத்தாத இரு, வாரேன், வாரேன்" என்று ஆட்டிடம் சொல்லிக்கொண்டே மேட்டில் ஏறினாள்.

செங்கோடனின் குண்டு பலகைக்கு மேலாகப் போய்

(இந்த வாக்கியம் முடிய மறுக்கிறது. அவளுக்கு இடது கை, முழங்கைக்குக் கீழே. எலும்பு தப்பியது. இவ்வளவு போதும்.)

அலறல் கேட்டுச் செங்கோடன் துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு ஓடினான். அவனைக் கண்டதும் மாரக்காளுக்கு முதலில் வந்த வார்த்தை:

"செடி, சாமி! பாத்து வா!"

அவன் தலைப்பாகையை அவிழ்த்து அவள் கையில் சுற்றினான். சுற்றத் தெரியவில்லை. "இறுக்கிக் கட்டு, அழுதுக்கிட்டே கட்டுனா எப்படி?" என்று அதையும் அவள்தான் சொல்லிக்கொடுத்தாள்.

5

விசாரணைக்குத் ஜில்லா கலெக்டர் கச்சேரியிலிருந்து ஓர் அதிகாரி வருவதாகச் சேதி வந்தது. அதற்குள் மூன்று பேர் மாரக்காளிடம் வந்தார்கள்.

ஊர்ப் பெரியவர் குமாரசாமி: "கேக்காமயே சுட்டாங்கன்னு சொல்லு. மணியன் முதுகுக்கு ஒருத்தனாச்சும் ஜெயிலுக்குப் போகட்டும்."

"செங்கோடனுங்களா மணியனை அடிச்சான்?"

"சட்டை ஒண்ணுதானே?"

இன்ஸ்பெக்டர்: "சிப்பாய் வந்து பாத்துட்டுத்தான் போனான், அப்புறமா நீயே அத்துமீறி நுழைஞ்சேன்னு சொல்லும்மா. யாருக்கும் பாதகமில்ல."

"என்ற காட்டுக்குள்ள நானே அத்துமீறுனனுங்களா? அப்பறம் அதைச் சொல்லியே வேலி போட்டு எடுத்துக்குவீங்க."

கடைசியில் பரக்கத் அலி. ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"நடந்ததைச் சொல்லிடு மாரக்கா. ஆளை அனுப்பாதது என் தப்பு."

"சொன்னா உங்க உத்தியோகம் போயிருமுங்களா?"

"போகும்."

"ஊட்டுல புள்ளைக?"

"அதெல்லாம் நீ நினைக்காதேம்மா."

"நெனைக்காதேன்னு சொன்னா நின்னுருமாக்கும்! பழத்தை இப்படிக் குடுங்க."

6

ஒரு முடிவு எழுதினேன்: அதிகாரி நல்லவர், எல்லாவற்றையும் கேட்டு எல்லாரையும் மன்னித்துவிடுகிறார். மாரக்காள் சிரித்துவிட்டாள். "ஏனம்மா, நீங்க அப்படி ஒரு ஆப்பீசரைப் பாத்திருக்கறீங்களா?"

இன்னொன்று: விசாரணையில் அவள் மயங்கி விழுகிறாள். "குண்டு பட்டப்பவே விழுகல நானு. இப்ப உங்க சவுகரியத்துக்கு விழுகோணுமா?"

சரி. முடிவில்லாமல், விசாரணை நடந்த இடம் வரைக்கும் மட்டும் கொண்டுவந்து விடுகிறேன். புளியமரத்தடியில் மேஜை. ஒரு பக்கம் ஊர்ச்சனம், மறுபக்கம் சிப்பாய்கள். அதிகாரி கேட்கிறார்: "சுடுவதற்கு முன் அந்தப் பக்கம் ஆள் வந்து பார்த்தானா, இல்லையா?"

"நான்தானுங்க சுட்டேன்!" செங்கோடன் கத்துகிறான்.

"நீ சும்மா இரு சாமி. என்னெயத்தானே கேக்கறாங்க."

ஊரும் சிப்பாய்களும் மேஜையை நெருங்கி வருகிறார்கள். பேச்சில்லாமல் எனக்குக் கதை ஓடாது. காத்திருந்தேன். அவள் அதிகாரியைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருக்கும் உங்கள் பக்கம் திரும்புகிறாள்.

"கதை எழுதற இந்த அம்மாவுக்குத் தைரியம் பத்தலீங்க. நீங்க சொல்லுங்க. பையனா, பாயா, என்ற காடா? என்ன சொன்னாலும் இதுல ஒண்ணை நான் உட்டுத்தான் ஆகோணும். வெரசாச் சொல்லுங்க, ஆப்பீசரு பேனாவைத் தொறந்துட்டாரு."