இண்டிபேரு இல்லாதவள்

மைக்கில் வந்த பெயர் வேறு.

"முதல் தேர்வு, திருப்பதி அணி. சீலம் ரேகா, கடப்பா."

ஹோட்டல் ஹாலில் கைதட்டினார்கள். தேவசேனா எழுந்து நின்றாள். அவள் கேட்டது நகரி ரேகாவை.

திருப்பதி மகளிர் ஹாக்கி அணிக்கு தேவசேனா பயிற்சியாளராகி இரண்டு ஆண்டுகள். வந்ததும் ஐந்து மூத்த ஆட்டக்காரிகளை வெளியே அனுப்பினாள். அணியைப் புதிதாகக் கட்ட வேண்டும் என்றாள். போன ஆண்டு ஒன்பது ஆட்டங்கள், ஒன்பது தோல்விகள். சித்தூரில் அவள் தெருவிலேயே ஜீரோ மேடம் என்று பெயர் வைத்தார்கள். பொறுத்துக்கொண்டாள். லீக்கில் கடைசியாக வரும் அணிக்குத்தான், அணிகள் முறைவைத்து ஆட்டக்காரிகளை எடுக்கும் அடுத்த டிராஃப்டில் முதல் தேர்வு. இந்த ஆண்டு முதல் தேர்வு என்றால் நகரி ரேகா. பெனால்டி கார்னரில் அவள் இழுத்து அடிக்கும் பந்தை எந்தக் கோல்கீப்பரும் முழுதாகப் பார்த்ததில்லை.

மேனேஜர் சுரேஷ்பாபு சிரித்துக்கொண்டே மேடையிலிருந்து இறங்கினார்.

"சார், யாரு பேரு எழுதிக் குடுத்தீங்க?"

"மீரு சொன்னதுதான் மேடம். எஸ். ரேகா."

"சண்முகம் ரேகா, சார்! நகரிப் பொண்ணு!"

அவர் பட்டியலைப் பிரித்தார். "ஃபார்ம்ல இனிஷியல் ஒத்துக்க மாட்டாங்க. இண்டிபேரு, அதான் வீட்டுப் பேரு, முழுசா எழுதணும். லிஸ்ட்ல எஸ் ரெண்டு. ஒண்ணு சீலம், இன்னொண்ணு சண்முகம். சண்முகம் ஆம்பளைப் பேரு கதா? எவனோ தப்பா டைப் பண்ணிட்டான்னு நெனச்சேன்."

"அது அவ நைனா பேரு. எங்க தமிழ் ஆளுங்களுக்கு இண்டிபேரு கெடையாது. அப்பன் பேருதான் இனிஷியல்."

"வீட்டுப் பேரு இல்லாம மனுஷங்க இருப்பாங்களா மேடம்?"

"நான் இருக்கேனே. ரெண்டு வருஷமா உங்க எதிர்லதான் நின்னுகினு இருக்கேன். ஒரு வார்த்த கேட்டா வாயா வலிக்கும்?"

"மீரு போன்ல பேசிக்கினு இருந்தீங்க."

"யாரோட? அவ நைனாவோட. உங்க பொண்ணு திருப்பதிக்குத்தான்னு சொல்லிக்கினு இருந்தேன்."

சுரேஷ்பாபு பட்டியலை மடித்தார்.

தேவசேனா லீக் அதிகாரி கிருஷ்ணப்பாவின் மேசைக்குப் போனாள். அவர் தலை நிமிரவில்லை.

"வாசிச்சாச்சு. மாத்த ரூல் இல்லம்மா."

"சண்முகம் அவ அப்பன் பேரு சார், இண்டிபேரு இல்ல. அதுல மேனேஜரு கொழம்பிட்டாரு. ரெண்டாவது டீம் இன்னும் எடுக்கல. இப்ப மாத்தினா யாருக்கு என்ன நஷ்டம்?"

"இண்டிபேரு இல்லைன்னா அந்தக் கட்டத்துல எதுக்கு எழுதணும்?"

"காலியா விட்டா ஃபார்மையே வாங்க மாட்டோம்னாங்க உங்க ஆபீஸ்ல. நாலு வாட்டி திருப்பி அனுப்பினாங்க. அப்புறந்தான் அப்பன் பேர எழுதினா. இப்ப எழுதினது தப்பா?"

"உக்காருங்கம்மா. டைம் ஆவுது."

அவள் உட்காரவில்லை. மைக்கில் அடுத்து வந்த பெயரை நின்றபடியே கேட்டாள்.

"இரண்டாம் தேர்வு, விசாகப்பட்டினம் அணி. சண்முகம் ரேகா, நகரி."

அவர்களுக்கு அந்தப் பெயரில் குழப்பம் இருக்கவில்லை.

சீலம் ரேகா அணியின் சட்டையை மேலே போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். தடுப்பாட்டக்காரி. திருப்பதியில் அந்த இடத்துக்கு ஏற்கெனவே மூன்று பேர் இருந்தார்கள். நீங்கள்தான் என்னைக் கேட்டீர்களா என்று தெலுங்கில் கேட்டாள். சட்டையின் விலைச்சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

தேவசேனா அதைப் பிய்த்து எடுத்தாள். நாளை காலை ஐந்தரைக்கு மைதானத்துக்கு வா என்று தெலுங்கிலேயே சொன்னாள். இந்தப் பெண் எந்தத் தப்பும் செய்யவில்லை. அதனாலேயே கோபத்தை இறக்கிவைக்க இடமில்லாமல் போயிற்று.

லிஃப்ட் அருகே நகரி ரேகா நின்றிருந்தாள். கையில் விசாகப்பட்டினம் சட்டை.

"இன்னாக்கா இது? நைனா தெரு பூரா சொல்லிட்டாரு. இப்ப போன் எடுக்க மாட்டேங்குறாரு."

"நான் பேசறேன்."

"வைசாக் எம்மாந் தூரம் தெரியுமா? ஒரு ராத்திரி ரயிலு." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "உன் டீம் மேலயே கோல் போடணுமாக்கா நானு?"

"போடு."

"அக்கா..."

"நெசமாத்தான் சொல்றேன். ஒவ்வொரு கோலுக்கும் மைக்ல முழுப் பேரு வாசிப்பாங்க. எங்க மேனேஜரு மொத வரிசைலதான் உக்காந்துகினு இருப்பாரு. அவரு காதுல வுழணும்."

ரேகா சிரிக்கவில்லை.

"நாலு போடுவேன்" என்றாள்.