ஆபீஸ் பக்கத்துக் காற்று

மாட்டுப் பட்டி, மேற்குக் கன்சாஸில் எங்கள் ஊருக்குத் தெற்கே இருக்கிறது. நாற்பதாயிரம் மாடுகள். காற்று அந்தப் பக்கமிருந்து திரும்பினால் ஊரே ஜன்னலைச் சாத்தும். எங்கள் பள்ளி மாவட்டத்தின் தலைமை அலுவலகமும் தெற்கேதான். அங்கிருந்து புதுச் சுற்றறிக்கை வந்த நாளெல்லாம் நான்காம் வகுப்பு ஆசிரியை ரோண்டா வாசிங்கர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஆசிரியர் அறைக்குள் நுழைவாள்.

"ஜன்னலைச் சாத்துங்கப்பா. இன்னைக்குக் காத்து ஆபீஸ் பக்கத்துலேர்ந்து."

காபி குடித்துக்கொண்டிருப்பவர்களுக்குப் புரையேறும். பத்தொன்பது வருஷமாக இதே வசனம், இதே சிரிப்பு. பள்ளிக்கூட வாசலை மிதித்த எல்லோருக்கும் அது ரோண்டாவின் வசனம் என்று தெரியும். மாவட்டத்துக்கே தலைவரான சூப்பரின்டென்டென்ட் கென்ட் ஸ்ட்ரெக்கருக்கு மட்டும் தெரியாது. அவரிடம் யார் போய்ச் சொல்வது?

நான் ஜோலின் டிரைலிங், அதே பள்ளியில் துணைத் தலைமையாசிரியை. ரோண்டாவும் நானும் ஒரே ஆகஸ்ட்டில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவள் வகுப்பறையே போதும் என்று இருந்துவிட்டாள். எனக்கு நாற்காலி ஆசை. தலைமையாசிரியர் ஓய்வு பெறப்போகிறார் என்ற பேச்சு கிளம்பியதும், கல்வித் தலைமையில் முனைவர் பட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். கன்சாஸில் இப்போதெல்லாம் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' இல்லாதவரை நாற்காலி கிட்டே சேர்ப்பதில்லை. கென்ட் தன் வீட்டுத் தபால் பெட்டியிலேயே 'டாக்டர்' என்று எழுதி வைத்திருக்கிறவர்.

மூன்றரை வருஷம் சனிக்கிழமைதோறும் இரண்டரை மணி நேரம் காரோட்டிப் போனேன். வகுப்பில் பன்னிரண்டு பேர், எல்லோரும் என்னைப் போலத்தான், நாற்காலி ஆசையும் தூக்கக் கலக்கமும். 'தலைமை என்பது செவிகொடுத்துக் கேட்பது' என்று பேராசிரியர் லினெட் ஆல்பர்ஸ் முதல் நாள் பலகையில் எழுதினார். எல்லோரும் பயபக்தியோடு குறித்துக்கொண்டோம். பின் வரிசையில் இரண்டு பேர் மேசைக்கடியில் கால்பந்து ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வேலையில் இருக்கிறவர்களுக்கான பட்டம் இது. ஆராய்ச்சிக்கு வேறெங்கும் அலைய வேண்டாம், உன் பள்ளியில் எது வலிக்கிறதோ அதையே எடுத்துக்கொள் என்பார்கள். எங்களுக்கு வலித்தது, ஆசிரியர்கள் நிற்காமல் ஓடுவது. ஏன் ஓடுகிறார்கள் என்று பன்னிரண்டு ஆசிரியர்களைப் பேட்டி எடுத்தேன். பெயர் வெளியே வராது என்று ஒவ்வொருவருக்கும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

ரோண்டாவின் பேட்டியை அவள் வகுப்பறையில், பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலிகளில் உட்கார்ந்து எடுத்தோம். முழங்கால் மோவாயில் இடித்தது. ஒன்றரை மணி நேரம் பேசினாள். அப்பாவைப் பறிகொடுத்த ஒரு பெண் பள்ளிக்குத் திரும்பிய அன்று பாடத்தை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளைப் பேச விட்டிருக்கிறாள். அன்றைக்கென்று அலுவலகத்திலிருந்து ஒருவர் கடிகாரமும் தாளுமாக வந்து, 'பாடம் பதினொரு நிமிடம் தாமதம்' என்று குறித்துக்கொண்டு போய்விட்டார். காகிதக் கட்டு வைக்கிற அறைக்குள் போய் அழுதேன் என்றாள். பத்தொன்பது வருஷச் சிநேகிதியான எனக்கே அது அன்றுதான் தெரியும்.

பேட்டி கொடுத்தவரிடமே எழுத்துப்படியைக் காட்டிச் சம்மதம் வாங்க வேண்டும் என்பது விதி. பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில், சில்லி என்கிற கறி-பீன்ஸ் குழம்பும் இலவங்கப்பட்டை ரோலும் போடுகிற வியாழக்கிழமை, ரோண்டாவிடம் நீட்டினேன். சிவப்புப் பேனாவை எடுத்து முதலில் என் எழுத்துப் பிழைகளைத் திருத்தினாள்.

"எல்லாத்தையும் போட்டுக்கோ. அழுதேன் பாரு, அதைக்கூடப் போட்டுக்கோ. அந்தக் காத்து சமாச்சாரத்தை மட்டும் எடுத்துடு."

"ஏண்டி, அதுதானே நல்லா இருக்கு."

"நல்லா இருக்கறதனாலதான் சொல்றேன். என்ன பேரு மாத்தி வெச்சாலும் எங்க அம்மாவே படிச்சுட்டு 'இது நம்ம ரோண்டா'ன்னுடும். வருஷா வருஷம் கென்ட் கையெழுத்துப் போட்டாத்தான் எனக்கு அடுத்த வருஷ காண்ட்ராக்ட். பென்ஷனுக்கு இன்னும் ஏழு வருஷம் ஓட்டணும்டி நான்."

"சரி, எடுத்துடறேன்."

"சத்தியமா?"

"சத்தியமாடி."

அந்த வரியைச் சிவப்பால் அடித்துவிட்டு, ரோலைப் பிய்த்துச் சில்லியில் தோய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். அவ்வளவுதான் அவள் கேட்டது. நூற்றெண்பது பக்கத்தில் ஒரு வரி.

பேராசிரியர் ஆல்பர்ஸ் கண்ணில் அந்த ஒரு வரிதான் பட்டது.

"இதை ஏங்க அடிச்சிருக்கீங்க? தங்கம் மாதிரி இருக்கு. இதைத் தூக்கித் தலைப்புல வைங்க."

"அவங்க வேணாம்னு சொல்லிட்டாங்க மேடம்."

"ஏன் வேணாங்கறாங்க? ஆள் தெரிஞ்சிடும்னுதானே? ஆளை நல்லா மாத்திடுங்க. உண்மையைச் சொல்லட்டுமா, இது இல்லேன்னா உங்க நாலாவது அத்தியாயம் வெறும் சக்கை."

அவர் மேல் பழி போட நான் தயாராக இல்லை. அவருக்கு எங்கள் ஊர் தெரியாது. எனக்குத் தெரியும். நான்காம் வகுப்பு ரோண்டாவை 'வால்டர்' ஆக்கினேன். ஐம்பத்தெட்டு வயது, தச்சுப் பாடம் நடத்துகிறவர், வேறு பள்ளி, மீசைகூட வைத்துவிட்டேன். 'அடையாளங்கள் மிகுந்த கவனத்துடன் மறைக்கப்பட்டுள்ளன' என்று எழுதும்போது பெருமையாகக்கூட இருந்தது. யார் படிக்கப்போகிறார்கள் இதை? ஆய்வைப் பரிசீலிக்கிற குழுவில் நாலு பேர். அவர்களிலும் ஒருவர் நன்றியுரையைத் தாண்டியிருப்பாரா என்பது சந்தேகம். ரோண்டாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வேண்டாம் என்பாள், அது தெரிந்துதான் சொல்லவில்லை.

நவம்பரில் பட்டம் உறுதியானது. டிசம்பரில் கல்வி வாரியக் கூட்டம், உயர்நிலைப் பள்ளி நூலகத்தில். ஆசிரியர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள், ரோண்டா மூன்றாவது வரிசை. என்னைப் பாராட்ட வேண்டும் என்று அவளே ஒரு தட்டு நிறையப் பீராக், கறியும் கோஸும் அடைத்த ரொட்டி, சுட்டு எடுத்து வந்திருந்தாள்.

கென்ட் எழுந்து தாளை விரித்தார். தானும் டாக்டர் என்பதால் இந்த மாதிரி விஷயங்களை அவரே வாசிப்பார்.

"நம்ம மாவட்டத்துக்கு இன்னொரு டாக்டர் கிடைச்சிருக்காங்க. ஜோலின் டிரைலிங். அவங்க ஆய்வேட்டோட தலைப்பு..." கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். "'இன்னைக்குக் காத்து ஆபீஸ் பக்கத்துலேர்ந்து': மேற்குக் கன்சாஸ் ஆசிரியர்கள் பணி விலகுவது குறித்து ஓர் ஆய்வு."

கொல்லென்று சிரித்துவிட்டார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை, பத்தொன்பது வருஷப் பழக்கம். சிரித்துக்கொண்டே அத்தனை தலையும் மூன்றாவது வரிசைக்குத் திரும்பியது.

கென்ட்டுக்கு முதலில் விளங்கவில்லை. தாளைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். பிறகு எல்லோரும் பார்க்கிற திசையில் அவரும் பார்த்தார். ரோண்டா மடியில் இருந்த தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். காது வரை சிவந்திருந்தது. எனக்கு அந்த நிமிஷமே செத்துப்போய்விடலாம் போல இருந்தது.

வெளியே, அவள் வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"ரோண்டா, உன் பேரே இல்லடி அதுல. ஆம்பளைன்னு எழுதியிருக்கேன், வேற ஸ்கூலுன்னு..."

"சத்தியம் பண்ணினியே."

"புரொபசர்தான்..."

"உன்னைத்தான் கேட்டேன். புரொபசரையா கேட்டேன்?"

கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு என்னை அவள் 'டி' போட்டுக் கூப்பிடவே இல்லை. ஆசிரியர் அறையில் அந்த வசனமும் நின்றுபோனது. சுற்றறிக்கை வந்தால் சத்தமில்லாமல் கோப்பில் வைத்துவிட்டுப் போனார்கள்.

மார்ச்சில் வாரியம் என்னைத் தலைமையாசிரியையாக நியமித்தது. ஏப்ரலில் கென்ட் கூப்பிட்டனுப்பினார்.

"வாங்க, டாக்டர் டிரைலிங்."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்படிக் கூப்பிட்டது எனக்குப் பிடித்திருந்தது.

"அடுத்த வருஷம் பிள்ளைங்க கம்மி. நாலாம் வகுப்பு ரெண்டு பிரிவையும் ஒண்ணாக்கணும். ஒரு ஆசிரியர் அதிகம்."

"இன்னொரு பிரிவு மெக்கென்னா வந்து ரெண்டு வருஷம்தான் சார் ஆகுது. வழக்கமா புதுசா வந்தவங்களைத்தானே..."

"முடிவு உங்களோடது. நான் தலையிட மாட்டேன்." மேசையிலிருந்த என் ஆய்வேட்டை மெல்லத் திறந்தார். ஓரமெல்லாம் பென்சில் குறிப்புகள். அதை முழுசாகப் படித்த ஒரே ஆள் அவர்தான் என்று நினைக்கிறேன். "புதுத் தலைமையாசிரியருக்கு ஒத்துப்போற அணி முக்கியம்னு அஞ்சாவது அத்தியாயத்துல நீங்களே எழுதியிருக்கீங்க. அருமையா எழுதியிருக்கீங்க. ரோண்டா வாசிங்கரை ராஜினாமா பண்ணச் சொல்லிடுங்க. ரெக்கார்டு சுத்தமா இருக்கும், அவங்களுக்கும் அதான் நல்லது."

என் நியமனம் வாரியத்தில் முடிந்துபோன விஷயம். நான் மறுத்திருந்தால் என் வேலைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. கென்ட்டின் முகம் கோணியிருக்கும், அவ்வளவுதான். ஒரு மனிதரின் முகம் கோணுமே என்பதற்காக நான் தலையாட்டிவிட்டு வந்தேன். மூன்றரை வருஷம் தலைமை படித்தவள் நான்.

ஆய்வேட்டின் கடைசியில் பரிந்துரைகள் எழுத வேண்டும். விலகிப்போகிற ஒவ்வொரு ஆசிரியருடனும் தலைமையாசிரியர் அரை மணி நேரம் தனியாக உட்கார்ந்து, காரணத்தைக் கேட்டு, அவர் வார்த்தையிலேயே படிவத்தில் எழுத வேண்டும் என்று எழுதியிருந்தேன். அதுவரை அந்தப் படிவ வேலையை அலுவலகமே பார்த்துக்கொண்டிருந்தது. கென்ட் அந்தப் பரிந்துரையை உடனே ஏற்றுக்கொண்டார். மே மாதம், என் புது அறையில், நான் கேட்டு வாங்கிய ராஜினாமாக் கடிதத்துக்குப் பிறகு, எதிர் நாற்காலியில் முதலாவதாக வந்து உட்கார்ந்தவள் ரோண்டா.

"ரெக்கார்டர் எங்க?"

"இல்ல. எழுதிக்கறதுதான்."

"கேளுங்க."

படிவத்தில் இருந்ததை வாசித்தேன். 'பணியிலிருந்து விலகுவதற்கான முதன்மைக் காரணம் என்ன?' அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். தாமதமாக வீட்டுப்பாடம் கொண்டுவந்த பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"ரோண்டா, ஏதாவது சொல்லு. என்னைத் திட்டிட்டாவது போ."

"திட்டினா அதையும் எழுதிப்பீங்க." எழுந்துகொண்டாள். "என் வாயிலேர்ந்து இனிமே உங்களுக்கு ஒரு வார்த்தை கிடைக்காது. நீங்களே ஏதாவது போட்டுக்கங்க."

கதவை மெதுவாகத்தான் சாத்திக்கொண்டு போனாள். தாழ்வாரத்தில் அவள் காலடிச் சத்தம் ஓயும் வரை உட்கார்ந்திருந்தேன். கட்டம் காலியாக இருந்தது. காலியாக அனுப்பினால் அலுவலகம் திருப்பி அனுப்பும். 'சொந்தக் காரணங்கள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

எட்டு வருஷத்தில் எங்கள் மாவட்டத்தை விட்டுப் போனவர்கள் எண்பத்து மூன்று பேர். அவர்களில் அறுபத்திரண்டு பேர் 'சொந்தக் காரணங்களுக்காக' விலகினார்கள் என்று அந்தப் பழைய படிவங்களை வைத்து நான்காம் அத்தியாயத்தில் அழகாக அட்டவணை போட்டிருக்கிறேன். அந்தக் கட்டங்களை நிரப்பியது யார் என்று மூன்றரை வருஷத்தில் ஒரு தடவைகூட எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.