இரண்டு விரல் எண்ணெய்

அக்காவின் படகு எனக்குப் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாற்பது வருடப் பழைய பாய்மரப் படகு. இரண்டு பேர் ஒன்றாக நிற்க முடியாத சமையலறை, காலை நீட்டினால் சுவரில் இடிக்கும் கட்டில். இருந்த வீட்டை விற்றுவிட்டு அதற்குள் போய்க் குடியேறினாள். அவள் எது சொன்னாலும் தலையாட்டும் மாமாவும் பின்னாலேயே போனார். ஏழு வருடமாக அவளைக் கரைக்கு இழுத்துவர நான் பேசாத பேச்சில்லை.

இந்த வருடம் அவளுடைய வலது மணிக்கட்டில் ஆபரேஷன் நடந்தது. நரம்பு நசுங்கியிருந்ததாம். தையல் பிரித்த பிறகும் விரல்கள் அவ்வப்போது மரத்துப்போயின. டம்ளரைப் பிடித்திருக்கிறோமா, நழுவவிட்டோமா என்றே தெரிவதில்லை என்பாள். படகின் ஸ்டியரிங்கோ கம்பிக் கயிறும் கப்பியும் வைத்த பழைய சங்கதி. காற்று பலமாக அடித்தால் சக்கரம் கையை முறுக்கும். மாமாவுக்குப் பார்வை மட்டு, அதனால் அவர் பாயைப் பார்த்துக்கொள்வார். ஓட்டுவது அக்காதான்.

"என்னால ஓட்ட முடியலன்னா வித்துட்டு வந்துடறேன். அப்பவாவது உன் வாய் ஓயும்" என்றாள் என்னிடம். அதற்கு முன் கடைசி முயற்சியாகத்தான் ஹைட்ராலிக் ஸ்டியரிங் வாங்கினார்கள்.

மண் அள்ளும் மெஷின்களுக்கு ஹைட்ராலிக் வேலை பார்ப்பவன் நான். சக்கரத்துக்குப் பின்னால் ஒரு பம்ப், அதிலிருந்து இரண்டு ஹோஸ், பின்பக்க அறையில், படகைத் திருப்பும் சுக்கானைத் தள்ள ஒரு சிலிண்டர். சக்கரத்தைத் திருப்பினால் எண்ணெய் ஓடிச் சுக்கானைத் திருப்பும். என் பிழைப்பில் இதெல்லாம் விளையாட்டுச் சாமான். மூன்று நாள் குனிந்து, நெளிந்து, தலையில் நாலு இடத்தில் இடித்துக்கொண்டு மாட்டி முடித்தேன்.

கடைசியாக எண்ணெய் ஊற்றும்போது மாமா பம்போடு வந்த விளக்கப் புத்தகத்தை மூக்கோடு ஒட்டிப் படித்தார்.

"மாப்ளே, விளிம்பு வரைக்கும் ஊத்தச் சொல்லியிருக்கான். நீ ரெண்டு விரல் கம்மியா விட்டிருக்கியே?"

"சூடானா எண்ணெய் பொங்கும் மாமா. எடம் விடணும். இருவது வருஷமா இதான் எனக்கு சோறு போடுது. புத்தகத்த மூடி வைங்க."

அவர் மூடி வைத்தார்.

மறுநாள் காலை வெள்ளோட்டம். அக்கா சக்கரத்தை ஒரே கையால் சுற்றினாள். படகு சொன்னபடி கேட்டது. அவள் சிரித்துக்கொண்டே ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். அவளை அப்படிப் பார்த்து வெகுநாள் ஆயிற்று. சந்தோஷமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. இனி இவள் கரைக்கு வரவே மாட்டாள் என்று தோன்றியது.

திரும்பி வரும்போதுதான் காற்று வலுத்தது. துறைமுகத்துக்குள் நுழைய, இரண்டு கல் சுவர்களுக்கு நடுவே குறுகலான ஒரு வழி. அதை நெருங்கும்போது ஒரு பெருங்காற்று பாயில் அறைந்தது. படகு ஒரேயடியாகச் சாய்ந்தது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அக்கா சக்கரத்தைத் திருப்பினாள். பிறகு கையை எடுத்து உதறினாள். விரல்களைத் தேய்த்துவிட்டு மறுபடி பிடித்தாள். மறுபடி உதறினாள்.

"என்னம்மா, இடது பக்கம் போகுது!" என்று முன்னாலிருந்து மாமா கத்தினார்.

"ஒரு நிமிஷம்..." என்றாள் அக்கா. முகம் வெளுத்திருந்தது. "கையில ஒண்ணுமே தெரியலடா."

நான் பாய்ந்து சக்கரத்தைப் பிடித்தேன். சும்மா சுற்றியது. கற்களில் அலை உடைவது அதற்குள் கண்ணுக்கு நன்றாகவே தெரிந்தது.

"மாமா, பாய எறக்குங்க! இன்ஜின ரிவர்ஸ்ல போடுங்க!"

பாய் சடசடவென்று சரிந்தது. இன்ஜின் இரைந்தது. வேகம் குறைந்ததே தவிர, காற்று எங்களைச் சுவரை நோக்கித் தள்ளிக்கொண்டே இருந்தது. சுக்கானின் தலையில் நேராக மாட்டித் திருப்ப ஒரு இரும்புத் தடி உண்டு. அக்கா அதை மாட்டி இரண்டு கையாலும் இழுத்தாள். அசையவில்லை. சிலிண்டரில் இருந்த எண்ணெய் சுக்கானைப் பூட்டி வைத்திருந்தது. அதைத் திறந்துவிடும் வால்வு பின்பக்க அறையில் இருந்தது.

தலைகீழாக அந்த அறைக்குள் நுழைந்தேன். வால்வு கைக்கு எட்டியது, திருகு நகரவில்லை. நான்தான் இறுக்கியிருந்தேன், பலசாலி. மேலே அக்கா கத்துவது கேட்டது. "சீக்கிரம்டா! சீக்கிரம்!" இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினேன். உள்ளங்கைத் தோல் உரிந்தது. திருகு நகர்ந்தது.

சுக்கான் திரும்பியது. நான் வெளியே வந்து பார்த்தபோது கல் சுவர் ஒரு ஆள் நீளத்தில் எங்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. அக்கா தடியின் மேல் கவிழ்ந்து படுத்து, உடம்பு முழுவதையும் போட்டு அதைப் பிடித்திருந்தாள்.

படகைக் கரையில் கட்டினோம். மாமா கட்டிய கயிற்றையே மறுபடி கட்டினார். அக்கா வலது கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

நான் பம்பின் மூடியைத் திறந்தேன். பார்க்காமலே தெரியும், இருந்தும் பார்த்தேன். நான் விட்ட இரண்டு விரல் இடத்தில் காற்று. நிலத்தில் ஓடும் என் மெஷின் எதுவும் இப்படிச் சாய்ந்துகொண்டு ஓடாது. படகு சாய்ந்ததும் எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்க, பம்ப் காற்றைக் குடித்திருக்கிறது.

"வித்துடலாங்க" என்றாள் அக்கா.

மாமா கயிற்றை இன்னும் இறுக்கினார்.

"சக்கரம் கெட்டுப்போச்சுன்னு வேற யாரா இருந்தாலும் அந்த நொடியே கத்தியிருப்பாங்க. நான் கை மரத்துப்போய் அது தெரியாம உதறிட்டு நின்னேன். உங்க ரெண்டு பேரையும் கல்லுல கொண்டுபோய் முட்டப் பாத்தேன். இந்தக் கைய வச்சுக்கிட்டு ஓட்டக்கூடாது. புரோக்கருக்கு சொல்லிடுங்க."

மாமா மெதுவாக, "சரிம்மா" என்றார்.

ஏழு வருடமாக நான் கேட்டது தானாக வந்து மடியில் விழுந்தது. மூடியைத் திருகிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு இருந்தால் போதும். அக்கா பக்கத்துத் தெருவுக்கு வந்துவிடுவாள். என் பெயரும் கெடாது. உண்மையைச் சொல்கிறேன், மூடியைப் பாதி திருகியும்விட்டேன். ஆனால் அவள் தன் கையைப் பார்த்த பார்வை இருக்கிறதே, செத்துப்போன எதையோ பார்ப்பதுபோல, அதை என்னால் தாங்க முடியவில்லை. மூடியை மறுபடி கழற்றினேன்.

"அக்கா, உன் கை மரத்துப்போகல."

அவள் நிமிர்ந்தாள்.

"சக்கரத்துல நெசமாவே பிடிமானம் இல்ல. உள்ள காத்து பூந்துடுச்சு. நான் எண்ணெய கம்மியா ஊத்தினேன். மாமா சொன்னாரு, நான் கேக்கல. உன் கை சரியாத்தான் சொல்லியிருக்கு. நீதான் அத நம்பல."

மாமா கயிற்றைக் கீழே போட்டார். அக்கா எழுந்து வந்து திறந்திருந்த பம்புக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

அறை பளாரென்று விழுந்தது. காது கொய்யென்றது. வலது கை.

"அய்யோ, அந்தக் கையாலயா!" என்று மாமா ஓடிவந்தார்.

அக்கா அவரைக் கவனிக்கவில்லை. உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் தளும்பியது.

"எரியுதுங்க" என்றாள். "அஞ்சு விரலும் எரியுது."