முட்டை வெள்ளை தடவாத ஈரல்

1.

இந்தக் கதை ஒரு பழுப்பு நிறத்தில் பிறந்தது. 1986, தவக்காலம். வில்லியனூரில் பஸ் ஏறிய பாஸ்கல் ஜன்னலோரம்…

(வேண்டாம். பஸ்ஸில் ஒன்றும் நடக்கவில்லை.)

மறுபடி. பாஸ்கலுக்கு ஆய்வகத்தில் வேலை. மனைவி செலின் மேரி மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். ஆஸ்பத்திரியில் எடுத்த அவள் ஈரல் துணுக்கு, சோதனைக்காக மெழுகுக்கட்டியில் பதித்தது, ஆய்வகத்தில் மிஞ்சியது. மாமியார் காசம்மாள் கேட்டது ஒன்றுதான்.

"நான் குடுத்த பச்சிலைச் சாறா மாப்ள எம்பொண்ண முடிச்சிது?"

2.

[விளக்கம். அவசரக்காரர்கள் கடைசி இரு வரிகளை மட்டுமாவது படிக்கவும்.]

ஈரலில் வைரஸ் இருந்தால் சாறு தப்பித்தது. வைரஸை ஓர் எதிர்ப்பொருள் பிடிக்கும். அதில் பயோட்டின் என்ற வைட்டமின் ஒட்டியிருக்கும். பயோட்டினை அவிடின் என்ற புரதம் பற்றும். நொதியைக் கொத்தாக இழுத்து வரும். நொதி பழுப்பு நிறம் தரும். கண்ணுக்கே தெரியாதது இப்படிப் பெருகித் தெரியும்.

ஈரலுக்குச் சொந்தப் பயோட்டினும் உண்டு. முட்டை வெள்ளை (அதிலும் அவிடின்தான்) தடவி அதை முதலில் மூடாவிட்டால், வைரஸ் இல்லாமலே பழுப்பாகும்.

3.

பாஸ்கல் துணுக்கில் ஒரு சீவல் எடுத்துச் சோதித்தான். ஸ்லைடு பழுப்பானது. அன்று மாலையே சொன்னான்: "கிருமிதான் அத்தை. உங்க சாறு இல்ல." காசம்மாள் மறுசோறு போட்டுக்கொண்டாள். பல மாதங்களில் முதல்முறையாக.

மறுநாள் கூட வேலை செய்யும் மணவாளன் ஸ்லைடைப் பார்த்தான்.

"முட்ட போட்டியாடா?"

"தவக்காலம்பா, முட்ட ஆவாது. வூட்ல எல்லாம் அடைக்கு வெச்சிட்டாங்க. கடையில கேட்டா ஊரே பேசும்."

"நீ விரதம் இரு. ஈரலுக்கும் இன்னாடா விரதம்?"

4.

(இங்கே பாஸ்கல் அழுவதாக ஒரு வரி இருந்தது. அவன் அழவில்லை. அடித்துவிட்டேன்.)

செலின் பிழைத்துக்கொள்ளும் பதிப்பு ஒன்றும் எழுதினேன். அதில் அவள் கறிக்குழம்பில் உப்பு பார்த்து, "என்னங்க, இத…"

அதில் யாருக்கும் ஸ்லைடு தேவைப்படவில்லை. கதை அங்கேயே நின்றது.

5.

மெழுகில் இன்னும் ஒரு சீவலுக்குத்தான் துணுக்கு இருந்தது. பாஸ்கல் காசம்மாளிடம் முட்டை கேட்டான்.

"விரதத்துல இன்னாத்துக்கு மாப்ள?"

"வேலைக்கு."

அவள் கோழிக்கூட்டுக்குள் கை விட்டாள். அன்று இட்டதை, சூடு ஆறுவதற்குள், முந்தானையில் துடைத்துக் கொடுத்தாள்.

முடிவு ஒன்று: முட்டை தடவியும் பழுப்பு நிற்கிறது, சாறு தப்பித்தது. முடிவு இரண்டு: போய்விடுகிறது, கிருமி இல்லை என்று பாஸ்கல் சொல்கிறான். மூன்று: போய்விடுகிறது, சொல்லவில்லை.

மூன்றையும் எழுதினேன். மூன்றிலும் மாலை வீட்டு வாசலில் காசம்மாள் ஒரே கேள்விதான் கேட்கிறாள்: "முட்ட ஒதவுச்சா மாப்ள?"

பதில் நீங்கள் சொல்லுங்கள். அவள் சோறு போட்டு வைத்திருக்கிறாள், இருவருக்கும்.